ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாத அமாவாசை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு மேலே ஏறி வந்தேன். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. அது நிறைய, என் மனைவி விடியற்காலையில் எழுந்து செய்த சர்க்கரைப் பொங்கல். அப்பாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் உயிர். அவர் போனதிலிருந்து இரண்டு வருடமாக, ஒவ்வோர் அமாவாசைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைத்தான் கொடுத்து வந்தேன்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஆட்களை மேய்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வரிசையாக உட்கார வேண்டும், ஆளுக்கு ஒரு தொன்னை, மறுபடி கேட்கக் கூடாது. இப்படியெல்லாம் சட்டம் போட்டுத்தான் தர்மம் செய்வேன். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை, அதனால் நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வரிசையின் கடைசியில், சுவர் ஓரமாக, அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா. தொன்னையை நீட்டினேன். கை நீட்டவில்லை.

"வேணாங்கய்யா. சுண்டல், காய்னு வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அப்பாவை நினைத்து, நெய்யும் முந்திரியுமாகச் செய்துகொண்டு வந்ததை வேண்டாம் என்பதா?

"ஏம்மா, இது என்ன ஹோட்டலா, வேற இருக்கான்னு கேக்குறதுக்கு? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?"

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா நீட்டியிருந்த வலது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். சிரித்தவரே அந்தத் தொன்னையையும் வாங்கிக்கொண்டார்.

திருவானைக்காவலில் இருக்கும் என் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒரு வேடிக்கை போல மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தூக்கைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு சுகர் இருக்கப் போவுதுங்க. மாமா மாதிரி."

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. என் அப்பாவுக்குப் பதினைந்து வருடம் சர்க்கரை நோய். அவருக்காக நான் படாத பாடு இல்லை. தினமும் காலையில் கீரை வாங்கப் போவேன். பாகற்காய், அவரைக்காய், வெந்தயம், கொள்ளு என்று வீட்டுச் சமையலே மாறிப்போனது. அவர் கண்ணில் படக் கூடாது என்று வெல்லத்தைக்கூட ஒளித்து வைத்தோம். கடைசி காலத்தில் ஒரு வாய் பொங்கல் கேட்டார், கொடுக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் அவர் போன பிறகு ஊருக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். படித்துறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே நோய் வரும் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பசிதான் இருக்கும், நோய் இருக்காது என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் போனேன். அதே சுவர் ஓரத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "காலுக்கு என்னம்மா?" என்றேன்.

புடவையை விலக்கிக் காட்டினார். கட்டைவிரலுக்கு அடியில் துணி கட்டியிருந்தது. அந்த விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துப் போயிருந்தன. நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவராம். புண் வந்து நிற்க முடியாமல் போனதும் வேலை போய், வாடகை வீடு போய், இங்கே வந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பத்து நாளில் சர்க்கரையை இறக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இறங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"கீரை, காய், பயறு சாப்பிடும்மான்னு டாக்டரு நல்லாத்தான் சொல்றாருங்க. ஆனா சாப்பாடு நான் ஆக்குறதில்லீங்களே. குடுக்குறவங்க ஆக்குறது. காலையில பொங்கல், மத்தியானம் புளிசோறு, யாருக்காச்சும் பொறந்தநாள்னா கேசரி. மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட இருந்தாலும் மயக்கம் வருது. அதான் ஐயா நேத்து வாயைத் தொறந்து கேட்டுட்டேன்."

நேற்று அவர் சாப்பிட்டது பகலில் கிடைத்த ஒரு வாழைக்காய் பஜ்ஜி மட்டும்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ என்னைத் தேற்றுகிற மாதிரி, "ரெண்டு வருசமா உங்க பொங்கலு சாப்புட்டிருக்கேங்க. வீட்டு அம்மா கை மணக்க மணக்க நெய்யி விட்டிருப்பாங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானத்திலிருந்து நானும் மனைவியும் சமைத்து எடுத்துப் போனோம். ஒரு கரண்டி சோறு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, அவரைக்காய்ப் பொரியல். அப்பாவுக்குச் செய்த அதே சாப்பாடு. ராத்திரிக்குக் கேழ்வரகு தோசை. ஒன்பது நாள், ஒரு வேளையும் விடவில்லை. பத்தாம் நாள் ஆட்டோவில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆனால் கறுத்த விரல்களுக்கு உயிர் திரும்பாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். சர்க்கரை இறங்கியதால் கால் தப்பியது, கொஞ்சம் முன்னாலேயே இறங்கியிருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்றார். யாரையும் குறையாகச் சொல்லவில்லை, இருந்தும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஒருநாள் படித்துறையில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை. சிலருக்கு ரத்தக்கொதிப்பு. இத்தனை நாள் அவர்கள் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்கமாகச் சாப்பாடு கொடுக்க வருகிற நாலைந்து குடும்பங்களிடம் பேசினேன். "சுண்டலும் கீரையும் குடுத்தா கஞ்சப் பயன்னு நெனைக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர், பிறந்தநாளுக்கு இனிப்பு இல்லாமல் எப்படி என்றார். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. போன மாசம் வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடைசியில் மூன்று குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. நாட்களைப் பிரித்துக்கொண்டோம். மீதி நாட்களில் இன்னமும் கேசரியும் புளிசோறும்தான் வருகின்றன. அதை மாற்ற என்னால் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது எதைக் கொண்டுபோனாலும், "உங்களுக்கு என்ன ஒத்துக்கும்?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அப்பாவிடம் தினமும் கேட்ட கேள்விதான், அந்தச் சுவர் ஓரத்தில் கேட்க எனக்கு இரண்டு வருடமும் ஒருவருடைய இரண்டு விரல்களும் ஆகியிருக்கின்றன.

அந்த அம்மா இன்று வரை என்னை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை, ஆனாலும் தடியை ஊன்றிக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக ஆற்றில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தடியைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்று எனக்குத் தெரிகிறது.