தேய்த்த துணியைத் தேய்க்க மாட்டேன்

எங்கள் மியூசியத்தில் கண் சிமிட்டிய ஒரே காட்சிப்பொருள் பாக்கியலக்ஷ்மி அக்காதான். நான் ரஹீனா, வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. அதனால் இதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற மியூசியம் அது. மாடியில் சாமிகள்: தேவாலயங்களிலிருந்து வந்த மரப் புனிதர்கள், கோயில் விளக்குகள், கண்ணாடிக்குள் பாதிரிமாரின் சரிகை அங்கிகள். கீழே தொழில்கள்: கயிறு திரிக்கிறவர், வள்ளம் கட்டுகிறவர், மிளகு புடைக்கிறவள், எல்லாம் ஃபைபர் பொம்மைகள். சலவைக்காரி பொம்மை மட்டும் லாரியிலிருந்து இறக்கும்போதே கை உடைந்துபோயிற்று. அது சரியாகி வரும்வரை உயிருள்ள ஆளையே உட்காரவைக்கலாம் என்று மேனேஜர் வெங்கிடராமன் சாருக்கு யோசனை வந்தது. பாலக்காட்டுக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. ஆனால் எல்லாம் அவர் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

அக்கா ஃபோர்ட் கொச்சியில் தமிழ் வண்ணார்களின் சலவைத்துறையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பாண்டித்துரை அடித்துத் துவைத்த கல்லிலேயே இவரும் துவைத்தார். புருஷன் போன பிறகு ஓட்டல் விரிப்புகளைத் துவைத்து மகளைக் கட்டிக்கொடுத்தார். வாய் சும்மா இருக்காது. ஒரு ஓட்டல்காரன் விரிப்பில் கறை போகவில்லை என்று கூலியை நிறுத்தியபோது, அந்த விரிப்பை அவனுடைய வரவேற்பு ஹாலில் நடுவாக விரித்துப்போட்டு, "காட்டு, எங்கே கறை?" என்று நின்றாராம். கூலி வந்துவிட்டது. அப்புறம் முட்டி போயிற்று. இனித் தண்ணீரில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பி எங்களிடம் வந்தார்.

முதல் நாள் சார் ஒரு கட்டம்போட்ட சேலையைக் கட்டச் சொன்னார். கையில் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தார். முன்னால் ஒரு வெள்ளை முண்டு, நம் வேட்டிதான், ஏற்கெனவே தேய்த்தது.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். "கரி எங்கே சாரே?"

"கரியெல்லாம் வேண்டாம். மேலே மரச்சாமான் நிறைய இருக்காக்கும். தேய்க்கிற மாதிரி காட்டினாப் போறும்."

"தீ இல்லாம இது பெட்டியா? கல்லுதானே."

ஆனாலும் முட்டியை நினைத்து உட்கார்ந்தார். காலையிலிருந்து மாலைவரை குளிர்ந்த பெட்டியை அதே முண்டின்மேல் இழுப்பார். வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். சில நாள் கழித்து வந்த ஒரு அம்மாள், பொம்மை எவ்வளவு தத்ரூபம் என்று கூட வந்தவரிடம் சொல்லி, அக்காவின் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். அக்கா திரும்பிப் பார்த்ததும் வீல் என்று அலறினாள். பிறகு சிரித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என் கவுன்ட்டருக்கு வந்து சேலையை மடித்து வைத்தார். கிள்ளின இடம் சிவந்திருந்தது.

"ரஹீனா, நான் தேய்ச்ச துணியைத் தேய்க்க மாட்டேன். உங்க சார்கிட்ட பறஞ்சிரு."

மறுநாள் நைட்டியும் தோளில் துண்டுமாக வந்தார். கையில் சொந்தப் பெட்டி, சிரட்டைக் கரி, தலையில் ஒரு மூட்டை துணி. நடுமுற்றத்தில் கிணற்றடியில் மேசையைப் போட்டு, பக்கத்தில் மணல் வாளியையும் வைத்துவிட்டுக் கரியை மூட்டினார்.

சார் ஓடி வந்தார். "என்ன பாக்கியம் இது! இது மியூசியமாக்கும், கடையில்லை. கேட்டேளா?"

"சலவைத் தொழில்னு நீங்கதானே போர்டு வச்சிருக்கீங்க? தொழில்னா துணி வரணும், போகணும். வராத துணிக்கு எதுக்கு சாரே போர்டு?"

சார் மணல் வாளியை இன்னும் கிட்டே நகர்த்திவைத்துவிட்டுப் போனார். துணி வர ஆரம்பித்தது. பஜாரில் மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகளின் நீலச்சட்டை, தேவாலயத்து ஃபாதரின் அங்கி, கோயிலில் பூசை செய்கிற சாந்தியின் வேட்டி, எங்கள் பள்ளிவாசல் உஸ்தாதின் ஜுப்பா. மாடியில் கண்ணாடிக்குள் கிடக்கிற அங்கியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள், முற்றத்தில் அதே மாதிரி அங்கி ஆவி பறக்கத் தொங்குவதைக் கண்டு நின்றுவிடுவார்கள். சாரும் கொஞ்ச நாள் கண்டும் காணாமல் இருந்தார்.

அப்புறம் டிரஸ்ட்காரர்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. சார் அக்காவிடம் கெஞ்சாத குறை. அந்த ஒரு நாள் மட்டும் அந்தச் சேலை, அந்தக் குளிர்ந்த பெட்டி. இல்லையென்றால் வேலை இருக்காது என்றும் சொல்லிவிட்டார். அக்கா, "பாக்கலாம்" என்றார். பார்த்ததை நான் சொல்கிறேன். துணி கொடுத்த எல்லோரையும் அதே நாள், அதே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

டிரஸ்ட்காரர்கள் முற்றத்தில் நிற்கும்போது என் கவுன்ட்டர் முன்னால் பஜாரே நின்றது. சார் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், விடாதே என்று. துணி வாங்க வந்தவர்களுக்கு எதற்கு டிக்கெட்? கதவை அகலத் திறந்துவிட்டேன்.

அக்கா நைட்டியில்தான் இருந்தார். பெட்டியில் தீ கணகணவென்று இருந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் துணியைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த டிரஸ்ட் தலைவர், எவ்வளவு அழகாக ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், எவ்வளவு இயல்பாக நடிக்கிறார்கள் என்று சாரின் தோளைத் தட்டிவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அக்கா பெட்டியை 'டக்'கென்று வைத்தார்.

"கைதட்டாதீங்க. இங்க யாரும் நடிக்கல. துணி இருந்தாத் தாங்க. இல்லேன்னா வழி விடுங்க, ஃபாதருக்குப் பூசைக்கு நேரமாச்சு."

டிரஸ்ட்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்கு மட்டும் விசில் அடிக்கத் தோன்றியது.

அந்த வாரமே பொம்மை கை ஒட்டப்பட்டு வந்துவிட்டது. இனி ஆள் வேண்டாம் என்ற விஷயத்தைச் சார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நல்லது சாரே. அது கிள்ளினாலும் திரும்பிப் பாக்காது" என்று அக்கா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். எதிர்க்கடை யூசுப் இக்கா தன் இஞ்சிக் கிடங்கின் தாழ்வாரத்தில் இடம் கொடுத்தார். மேசை அங்கே போயிற்று. பஜாரின் துணியெல்லாம் பின்னாலேயே போயிற்று.

மழைக்காலம் வந்ததும் பொம்மையின் சேலையில் பூஞ்சை பிடித்தது. சார் அதை வீட்டில் தாமே அலசி, கசங்கிய மூட்டையாகக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் வாசலில் தயங்கினார். பிறகு தெருவைக் கடந்தார். நான் கவுன்ட்டரை விட்டு எழுந்து பின்னாலேயே போனேன்.

"பாக்கியம், பொம்மையோட சேலையாக்கும். கொஞ்சம் தேய்ச்சுத் தரணும்."

அக்கா தலை நிமிரவில்லை. "அவ கையிலதான் பெட்டி இருக்கே சாரே. அவளையே தேய்ச்சுக்கச் சொல்லுங்க."

சுமட்டுத் தொழிலாளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அக்கா சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்து முடித்தார்.

"தேய்ச்சுத் தரேன். வரிசையில நில்லுங்க."

சார் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீலச்சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றார். டிக்கெட் கொடுக்க ஆளில்லையா என்று மியூசியத்து வாசலில் யாரோ கத்தினார்கள். கத்தட்டும் என்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.