கழற்றப்பட்ட எர்த் கம்பி

என் மகனின் கருமாதிச் சாப்பாட்டுக்கு அந்தக் குத்தகையாளரும் வந்திருந்தார். ஜெராமுக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நிலத்தடி மின்வடத்தைச் சோதித்து இணைக்கும் வேலைக்கு மகனை அமர்த்தியவர் அவர். இணைக்கும்போதுதான் அவன் இறந்தான்.

துக்கம் விசாரிக்கும் குரலிலேயே பேரத்தைத் தொடங்கினார். சாவு பற்றிய விசாரணைக்கு மறுநாள் வரும்படி அதிகாரி என்னை அழைத்திருந்தார். மின்காப்புப் பொருள்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் கற்பித்த என் சொல் அங்கே எடுபடும் என்று குத்தகையாளர் கணக்குப் போட்டிருந்தார். பையன் அவசரப்பட்டுவிட்டான் என்று நான் சொன்னால் போதுமாம்.

எர்த் கம்பியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"சோதனை முடிஞ்சதும் வச்சோம் சார். பட்டுன்னு பொறி அடிச்சது. நான்தான் கழட்டினேன். செகிஞ்சான்ல நடக்கற இன்னொரு வேலைக்கும் அதே கம்பிதான் லா வேணும். சுவிட்ச்சும் ஆஃப். அப்புறம் அதுல ஏது சார் கரண்ட்டு?"

இருந்தது. வடத்தின் பாலிஎதிலீன் உறை மின்சாரத்தைக் கடத்தாதுதான். ஆனால் உயர் மின்னழுத்தத்தில் நெடுநேரம் சோதிக்கும்போது மின்னூட்டத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு பொறியோடு தீர்வது வடத்தின் உள்ளே ஓடும் செம்புக் கம்பியில் இருப்பது மட்டுமே. உறையின் ஆழத்தில் சிக்கியது பிறகுதான், மிக மெதுவாக, வெளியே வரும். எர்த் கம்பி அங்கேயே கிடந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். கழற்றிவிட்டால் செம்பில் மின்னழுத்தம் மீண்டும் ஏறும். வடம் நீளமானது என்றால் ஆளைக் கொல்ல அதுவே போதும். என் மகன் வடத்தின் மறுமுனையில், பம்பு அறையில் இருந்தான். எர்த் கம்பி இருக்கிறதா இல்லையா என்பதை அங்கிருந்து பார்க்க முடியாது.

"கழட்டினதை அவன்கிட்ட சொன்னீங்களா?"

"பொறி அடிச்ச பெறகு சொல்றதுக்கு என்ன சார் இருக்கு?"

உள்ளறை வாசலில் மருமகள் எங்கள் பேச்சைக் கேட்டபடி நின்றிருந்தாள். அவள் கணவன் தன் அலட்சியத்தால் செத்தான் என்று ஆலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளும் பாதி நம்பியிருந்தாள்.

பந்திக்கு அழைத்தார்கள். குத்தகையாளர் எழுந்து போய் ஓர் இலையின் முன் அமர்ந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"இங்க சாப்பிட வேணாம். எழுந்திருங்க. இப்ப எங்கிட்ட சொன்னதைத்தான் நாளைக்கு அதிகாரிகிட்ட நான் சொல்லப் போறேன்."

பந்தியில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார். அவர் வெளியேறியதும் மருமகள் வந்து அந்த இலையைச் சுருட்டி எடுத்துப் போனாள்.