குதிரைவீரன் கேட்காத கேள்வி

அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா கொடுத்த சரித்திர நாவலை, வில்லாபுரத்திலிருந்து தல்லாகுளம் போகும் பேருந்திலேயே படித்து முடித்தேன். உட்கார இடம் கிடைத்த நாட்களில் மட்டும்தான் புத்தகத்தைத் திறக்க முடிந்தது என்பதால் கொஞ்சம் இழுத்துவிட்டது. நாயக்கர் காலத்து மதுரை. பட்டு நெய்ய வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, அரண்மனைக் குதிரைவீரன் ஒருவன். எங்கள் வீட்டிலும் சௌராஷ்டிரம்தான் பேசுகிறோம். எங்கள் பெண் ஒருத்தி கதாநாயகி என்றதும் ஆசையாகத்தான் படிக்கத் தொடங்கினேன்.

திருப்பிக் கொடுத்தபோது அக்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“அழுதியா?”

“இல்லக்கா.”

“கல்நெஞ்சக்காரி. ரெண்டு பேரும் அம்புட்டு அழகா பேசுறாங்க, ஒனக்கு அழுகை வரலையா?”

“அதான்க்கா பிரச்சினையே.”

எங்களுடையது கட்டட வரைபட அலுவலகம். வரைபடத்தில் உள்ள குறைகளை வரிசையாக எழுதி அனுப்புவது என் வேலை. நாவலையும் அப்படியே பார்த்துவிட்டேன் போல. குதிரை பசுமலையிலிருந்து வைகை வரை ஓடிவந்தும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் ஒரு நாள்கூடத் தறிப் பக்கம் போகவில்லை. இவற்றைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், ஆற்றங்கரை நிலவில் அவனைப் பார்த்ததும், “பிரபு, என் உள்ளம் இனி தங்கள் உடைமை” என்கிறாள். தமிழில். அத்தனை பக்கங்களில் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போன இடம் ஒன்றுகூட இல்லை. அவளுக்குக் கோபம் வந்தாலும் தமிழ்தான், காலில் முள் குத்தினாலும் தமிழ்தான்.

“என்ன சொன்னன்னு அவன் ஒரு தடவைகூட அவளக் கேக்கலக்கா.”

“லவ் பண்றவனுக்கு மொழி எதுக்குடி?”

கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன சொன்னாய் என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

போன வருடம்வரை எங்கள் அலுவலகத்தில் கட்டுமான இடங்களைக் கவனித்துக்கொண்ட பொறியாளர் அவர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மதியச் சாப்பாட்டில் எனக்கு எதிர் நாற்காலி. நான் அம்மாவிடம் எங்கள் மொழியில் போனில் பேசி முடித்ததும், திட்டு வாங்கியவர்போல் தொடங்குவார்.

“என்னையத்தான வஞ்சீங்க?”

“உங்கள இல்லங்க. தக்காளி வெலைய.”

“அப்ப தக்காளிய எப்படி வையிறதுன்னு சொல்லிக்குடுங்க.”

இப்படியே ஒவ்வொரு வார்த்தையாக வாங்கிக்கொண்டார். தப்பாகச் சொல்வார், நான் சிரிப்பேன், மறுநாள் சரியாகச் சொல்வார். வீட்டுக்கு வெளியே ஒருவர் எங்கள் மொழியில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது அதுதான் முதல்முறை.

ஓசூரில் வேலை கிடைத்து அவர் கிளம்பிய அன்று எல்லோரும் வாசலுக்குப் போனோம். நண்பரின் பைக்கில் அவர் ஏறி உட்கார்ந்ததும், இனிமேல் மத்தியானம் நான் யாரோடு சாப்பிடுவது என்று கேட்டேன். எங்கள் மொழியில்தான் கேட்டேன். தமிழில் கேட்டிருந்தால் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும்.

“என்ன சொன்னீங்க? இது புதுசால்ல இருக்கு!”

“அண்ணே, பஸ்ஸ விட்ருவோம்ணே,” என்று நண்பர் வண்டியை எடுத்துவிட்டார். அதன்பிறகு எங்களுக்குள் தீபாவளி, பொங்கல் வாழ்த்துப் படங்கள்தான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, பேருந்தில் கை சும்மா இருந்தது. ஒரு சரித்திர நாவல் படித்தேன், ஜோடி நம்பும்படி இல்லை என்று அவருக்கு எழுதினேன். தெற்குவாசல் வருவதற்குள் பதில் வந்தது.

“ஏன், என்ன கொறை?”

“அவன் அவள என்ன சொன்னன்னு கேக்கவே இல்ல.”

அவர் எழுதுவதாகத் திரையில் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

“நான் கேட்டேன்ல. நீங்கதான் இன்னும் சொல்லல.”

அன்று வாசலில் கேட்ட அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். எழுத்தில் பார்க்கும்போது அந்த நாவல் பெண் பேசுவது போலிருந்தது. அழித்துவிட்டு, “நேர்ல சொல்றேன்” என்று அனுப்பினேன்.

“அப்ப வாரேன்.”

எப்போது என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. என் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்வியை எங்கள் மொழியில், வாய்க்குள்ளேயே, சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.