பூவாடைக்காரியின் ஹார்டு டிஸ்க்

சனிக்கிழமை காலை. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டு போகிறேன், மொபைல் கத்தியது. எடுத்துப் பார்த்தால்... அதே மெயில். 'டிஸ்க்கில் பிழை.' மறுபடியுமா!

அனுப்பியது மனிதரல்ல. எங்கள் கள்ளக்குறிச்சி வீட்டுக் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் ஃபைல் சர்வர். வீட்டில் சர்வர் வைத்து பேங்க்கா நடத்துகிறாய் என்று கேட்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். ஒன்றில் போடுவது தானாகவே இன்னொன்றிலும் பதிவாகிவிடும். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்பது கணக்கு.

செய்து வைத்தவள் என் மனைவி கலா. வெள்ளிமலையில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். மலையில் சிக்னலுக்கு எங்கே போவது? கலா இந்த மூலையில் உட்கார்ந்து பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்தாள். பென் டிரைவில் போட்டு, மலையேறும் ஜீப்பில் கொடுத்தனுப்புவாள். பிள்ளைகள் யாராவது ஒருவர் வீட்டு டி.வி.யில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பாடங்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

கலா இல்லை. போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

அவள் குரல் மிச்சமிருப்பது அந்த டிஸ்க்குகளில்தான். நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. மனசு தாங்காது. ஆனால் இருக்கிறது என்கிற நினைப்பு வேண்டும்... அது இல்லாமல் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது. எரர் என்று மெயில் வந்தால் இட்லி தொண்டையில் இறங்குமா?

சேகருக்கு போன் போட்டேன். சேலம் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். இந்தப் பெட்டிக்காக அவர் வந்து போவது வழக்கமாகிவிட்டது. முதலில் கேபிள் லூஸ் என்றார். மாற்றினோம். அப்புறம் பவர் சப்ளை சரியில்லை என்றார். அதையும் மாற்றினோம். ஒரு டிஸ்க்கையே தூக்கிவிட்டுப் புதுசு போட்டோம். அந்தப் புதுசும் சில வாரத்தில் அதே பாட்டைப் பாடியது!

இந்த முறையும் வந்தார். பெட்டியைக் கழற்றினார், ஓட விட்டார். சமர்த்தாக ஓடியது. டாக்டரைக் கண்டதும் பல்வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி.

"நா இன்னா சார் பண்ணட்டும்? என் கண்ணு எதுர்க்க நல்லாத்தான் ஓடுது. நா அப்பால போனதும் மக்கர் பண்ணுது. எம்மேல இன்னா கோவமோ தெர்ல" என்று ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் நிலா கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சேகர் வந்து போன நாட்களையெல்லாம் சொன்னேன். சர்வர் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, டிஸ்க் ரெண்டும் கொதிச்சிக்கினு இருக்குது. டெம்பரேச்சர் ரொம்ப ஜாஸ்தி. சேகர் அண்ணன் வர்ற நாள்ல மட்டும் கம்மியா இருக்குது. அது எப்டிப்பா? வீடியோ கால்ல வா. பொட்டியக் காட்டு."

காட்டினேன். நிலா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டு வந்தாள்.

"அப்பா... அது இன்னா, அம்மாவுக்குப் படைச்ச புடவையா?"

ஆமாம். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். புதுப் புடவை வைத்துப் படைப்போம். நிலா லீவு முடிந்து பெங்களூருக்குப் போன பிறகு, நைனார்பாளையத்திலிருந்து வந்து எனக்குத் துணையாகத் தங்கிவிட்ட என் அக்காதான் கலாவின் படத்தைத் தூக்கி அந்தப் பெட்டி மேல் வைத்தாள். புடவையைப் பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். "எப்பப் பாரு இது பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருப்பா. இங்கியே இருக்கட்டும்டா" என்றாள். பிறகு, "தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு கீது. அவ எங்கியும் போவலடா" என்று அழுதாள்.

தொட்டேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்து அந்தப் புடவை மேல் கை வைத்து நிற்பேன். ஏதோ ஒரு தெம்பு.

சேகரின் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் படத்தையும் புடவையையும் பீரோவுக்குள் வைத்துவிடுவேன். படையல் புடவை மேல் வெளியாள் கை படக்கூடாது என்பது அக்காவின் கண்டிஷன். அவர் போனதும் பழையபடி கட்டிவிடுவேன். புரிகிறதா? காற்றுப் போகும் ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டு, கேபிளை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்!

நான் கை வைத்து ஆறுதல் தேடிய சூடு... அவள் குரல் வெந்துகொண்டிருந்த சூடு.

அக்காவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னாடா பேசுற? சாமியா நிக்கிறவ கட்டிக்கினு கீற புடவைய உருவச் சொல்றியா? வூடு வெளங்குமா?"

"அக்கா, அவ பேசுனதெல்லாம் அதுக்குள்ளதான் கீது. அது அழிஞ்சிக்கினு வருது."

பிறகு அக்காவே முடிச்சை அவிழ்த்து, புடவையை மடித்து, மார்போடு வைத்துக்கொண்டாள். "நாந்தான் அவள ரெண்டாந்தரம் சாவடிச்சிட்டனாடா?" என்றாள். கட்டியது அவள், தினம் தினம் தொட்டுப் பார்த்தது நான். பாசம் என்று நினைத்து எதையெதையோ போர்த்தி மூடி வைக்கிறோம்... உள்ளே இருப்பதற்கு மூச்சு முட்டுவது நமக்குத் தெரிகிறதா?

சேகர் மறுபடி வந்து, தேறியதையெல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தார். பழசில் ஒன்று சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்று விட்டுவிட்டுப் படித்தது. பாதிக்கு மேல் தேறியிருக்கும் என்றார்.

நிலா விடவில்லை. "மாத்துனா மட்டும் போதாதுப்பா. ஒவ்வொண்ணா தொறந்து கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாக்கணும்."

அதாவது, நான் கலாவின் குரலைக் கேட்டே ஆக வேண்டும்.

நேற்று உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில். முதல் ஃபைலைத் திறந்தேன். கலா! அந்தப் பச்சைப் புடவை, காதோரம் பேனா. "வணக்கம் பிள்ளைகளா, இன்றைக்கு நாம் பார்க்கப் போவது..." பாடம் என்று வந்துவிட்டால் அவளுக்கு அச்சுத் தமிழ்தான் வரும். கேட்க முடியாது என்று நினைத்திருந்தேனே, கேட்டேன். கண் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, காது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பாடம் நடுவில் எங்கிருந்தோ ஓர் ஆண் குரல். "கலா, டீ போட்டு வெச்சிருக்கேன். ஆறிடப் போவுது." அட, நான்தான்! எப்போது சொன்னேன்? சுத்தமாக ஞாபகம் இல்லை.

கலா என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். டீச்சர் முகம் போய் வீட்டு முகம் வந்தது. லேசாகச் சிரித்தாள்.

"ரெக்கார்டு ஆயிக்கினு கீதுங்க... அஞ்சு நிமிசம், இதோ வந்துட்டேன்."

அங்கே படம் நின்றுவிட்டது. என்ன செய்தும் அதற்கு மேல் நகரவில்லை. அந்த ஃபைலில் மிச்சமெல்லாம் சூட்டில் போய்விட்டது.

புடவை இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது. பெட்டி வெறும் உடம்போடு காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. இன்று காலையில் குளித்துவிட்டு வந்து பழக்க தோஷத்தில் அதன் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. நல்ல ஆரோக்கியமான டிஸ்க் அப்படித்தான் இருக்குமாம்.

டீ ஆறிக்கினு கீது, கலா.