கொடி இல்லாத வண்டி

ஆம்புலன்ஸ்காரனுக்கு எல்லாரும் வழி விடுவார்கள், நல்ல வார்த்தை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். என்னைப் போல இந்த வேலையில் கிடந்து சாகிற டிரைவர்களே, இது உங்களுக்கும் தெரிந்ததுதான். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கருங்கல் ஊர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறேன். ஒருவன் செய்ததை மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிளேடு

எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ்களில் கோயில், சபை, கட்சி என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். எங்கள் வண்டியில் போன் நம்பர் மட்டும்தான். நடத்துகிறவர் கிளாரா, ஓய்வு பெற்ற நர்ஸ். தினமும் பைபிள் வாசிக்கிறவர், வண்டியில் ஒரு சிலுவைகூட வைக்கவில்லை.

சேர்ந்த வாரம் முன்கண்ணாடியில் என் கட்சிக் கொடியை ஒட்டினேன். மறுநாள் காலையில் கிளாரா பழைய பிளேடால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்க கட்சி உங்களுக்க சட்டைப் பையில இருக்கட்டும் அண்ணா. ஏறுதவன் பயப்படாம ஏறணும்."

முக்கில் மறித்தபோது

கொடிக்கம்பம் நடுவதில் இரண்டு கூட்டம் மோதிக்கொண்டது. இந்தப் பக்கம் ஒருவனுக்கு மண்டை உடைந்தது, அந்தப் பக்கம் ஒருவனுக்கு வயிற்றில் குத்து. முதலில் வந்த ஆம்புலன்ஸை, அதில் இருந்த பெயரைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து நாங்கள் போனோம். கிளாரா இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினார். குத்துப்பட்டவன் ஸ்ட்ரெச்சரில், மற்றவன் பெஞ்சில்.

முக்கு திரும்பினால் ஒரு கூட்டம் கம்போடு நிற்கிறது. ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து பெயர் தேடினான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். போன் நம்பர் தவிர ஒன்றும் இல்லை.

"உள்ள யாருக்க ஆளு?"

கிளாரா ஜன்னல் வழியாக ரத்தக் கையை நீட்டினார். "ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ரத்தம் போகுது. நான் பேரு கேக்கல்ல."

கம்பு தாழ்ந்தது. வெறும் வெள்ளைத் தகரத்துக்கு இத்தனை பலமா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கம்புக்காரன் திரும்பிக் கத்தினான்: "எலே, இது ஒருத்தனுக்க வண்டியும் இல்ல. விடுங்கலே!"

செல்லப்பன்

செல்லப்பன் என் பக்கத்துத் தோட்டக்காரன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து என் அயனிமரத்தை வெட்டி விற்றவன். இருபது வருடமாகப் பேச்சு இல்லை. போன மாதம் ஒரு மத்தியானம் அவன் வீட்டிலிருந்து போன், நெஞ்சுவலி.

"வேற வண்டிய விளிக்கச் சொல்லுங்க" என்றேன்.

கிளாரா திட்டவில்லை. கையை நீட்டினார். "வேற வண்டி வர அரைமணி ஆவும். சாவிய தாங்க, நான் ஓட்டுதேன். பின்னால பாக்க ஆளு இருக்காது, அவ்வளவுதான்."

நானே ஓட்டினேன். பாதி வழியில் அவனுக்கு மூச்சு நின்றது. கிளாரா முட்டுக்குத்தி அவன் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். அறுபது தாண்டிய மனுஷி, ஆஸ்பத்திரி வாசல் வரை கை நிற்கவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்த எனக்கு மரமும் மறந்தது, ஹாரன் அடிக்கவும் மறந்தது. வாசலில் அவன் ஒரு தடவை இருமினான். பிழைத்துவிட்டான்.

போன வாரம் கைத்தடியோடு ஸ்டாண்டுக்கு வந்தான். டயரைப் பார்த்தபடி சொன்னான்: "ஓய், நானா இருந்தா உமக்கு வண்டி எடுத்திருக்க மாட்டேன்."

எடுத்திருக்க மாட்டான்தான். ஆனால் அவன் மறுபடி விழுந்தாலும் ஓட்டப்போவது நான்தான், என்ன செய்ய.