நடுவில் நின்றுவிடாத பிளேயர்

அக்கா அரபு நாட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் மேல்மாடி சன்னலைத் துடைக்கும்போது தவறி விழுந்துவிட்டாள் என்று அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் போனில் சொல்லியிருந்தார். நாங்களும் அதையே ஊருக்குச் சொன்னோம். பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டு முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டோம். என் கணவர் வாவியில் இறால் பிடிப்பவர். காலையில் அவர் தோணியை எடுத்துக்கொண்டு போனால் பகல் முழுக்க வீட்டில் நானும் அவளும்தான்.

வந்து ஒரு கிழமை வரை அவள் எதையும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், "படம் பாக்கணும் புள்ள" என்றாள். என் போனைக் கொடுத்தேன். எங்கள் பக்கம் சிக்னல் இழுபறி. படம் ஒரு நிமிடம் ஓடும், பிறகு வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். இரண்டாம் தடவை நின்றதும் போனைக் கட்டிலுக்கு வெளியே எறிந்துவிட்டாள்.

வெளிநாடு போகுமுன் அவள் வாங்கிச் சேர்த்த சீடிகள் ஒரு துணிப்பை நிறைய அலுமாரி மேல் கிடந்தன. வீட்டில் டிவி இருந்தது, போட்டுப் பார்க்கப் பிளேயர் இல்லை. ஏறாவூர் கடைத்தெருவில் ஒன்று வாங்கினேன். புதியது, மினுமினுப்பானது, கையில் எடுத்தால் வெறும் பிஸ்கட் டின் போலிருந்தது. எந்தச் சீடியும் ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கும் வேறு எதைப் பார்த்து வாங்குவதென்று தெரியாது.

மூன்றாம் நாள் நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். படத்தின் சத்தம் வெட்டி வெட்டி வந்து நின்றது. அடுத்த கணம் அக்கா கத்தினாள். பாம்புதான் வந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். திரையில் கதாநாயகன் வாயைத் திறந்தபடி உறைந்துபோயிருந்தான். அக்கா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "ஓட வை, ஓட வை" என்று அலறினாள். என் கையில் மீன் செதில். எந்தப் பொத்தானை அமர்த்துவதென்று தெரியாமல் எல்லாவற்றையும் அமர்த்தினேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு மச்சாளை அவளுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, பிளேயரையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு வாழைச்சேனைக்கு பஸ் ஏறினேன். அங்கே ரேடியோ, டிவி திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். ஓட்டமாவடிக்காரர். புதுப் பிளேயரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள காத்துத்தான் இரிக்கி. கரண்ட் கொஞ்சம் கூடிக் குறைஞ்சாலே செத்துப் போகும். லென்ஸ் போனா மாத்தவும் ஏலாது, முழுசா வீசத்தான் வேணும்."

"எனக்கு நடுவில நிக்காத ஒண்டு வேணும் நானா. படம் எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல."

"ஆரு பாக்கிற?"

சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பழையதொன்றை இரு கைகளாலும் தூக்கி வந்தார். மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். "பாருங்க, கனதி. பவர் போர்ட் தனியா இரிக்கி. லென்ஸுக்குப் பழைய மெசின் ரெண்டு வச்சிருக்கன், எப்ப போனாலும் மாத்தித் தருவன். உங்கட பைக்குள்ள ஆக மோசமான சீடி எது?"

கோழி கிளறியதுபோல் கீறல் விழுந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். போட்டார். மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டே முழுப் படத்தையும் ஓட விட்டார். நானும் ஸ்டூலில் இருந்து கடைசிவரை பார்த்தேன். இரண்டு இடத்தில் தடுமாறியது, நிற்கவில்லை. முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கியது. "இந்தப் பொத்தானை அமர்த்தி விடுங்க. உங்கட ராத்தாவுக்கு எழும்பி மாத்தத் தேவையில்ல" என்றார்.

அந்தப் பிளேயர் மாதக்கணக்காக எங்கள் வீட்டில் ஓடியது. அக்கா திரையைப் பார்ப்பதே குறைவு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்பாள். சண்டையும் அழுகையும் பாட்டும் என் சமையலுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தன. சில நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருக்கும். ஆனாலும் அவள் கத்தவில்லை, அது போதும் என்று இருந்தேன்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. முதல் நாள் மத்தியானம், அவளுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கத்தப் போகிறாள் என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அந்த வீட்டில டிவிச் சத்தம் நிண்டாத்தான் அவன் வருவான் புள்ள. எல்லாரும் நிப்பாட்டிட்டுப் படுத்த பிறகு படியில ஏறி வருவான்."

நான் மற்றக் கையால் விரிப்பின் நுனியை மெத்தைக்கடியில் செருகினேன்.

"நான் தவறி விழயில்ல. குதிச்சன்."

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தேத்தண்ணி போடட்டா அக்கா?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

அந்தக் கிழமையே கணவரை வற்புறுத்தி வாகனப் பற்றறியும் இன்வெர்ட்டரும் வாங்கி வரச் செய்தேன். வாழைச்சேனை நானா வந்து பூட்டித் தந்தார். அக்காவுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. சத்தம் நின்றால் அவள் பேசுவாள், மீதியைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதன் பிறகும் இரண்டு தடவை, "அண்டைக்குச் சொன்னனே..." என்று தொடங்கினாள். "நல்ல கட்டம் வருது, பாருங்க" என்று சொல்லி நானே சத்தத்தைக் கூட்டினேன். மூன்றாம் தடவை அவள் தொடங்கவில்லை.

மாரி மழையோடு அவளுடைய படுக்கைப் புண் பழுத்துக் காய்ச்சல் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். வார்ட்டில் பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகள் அழுகிறதும் தட்டுகள் விழுகிறதுமாக எப்போதும் சத்தம். "இஞ்ச நல்லா இரிக்கி" என்றாள். எட்டாம் நாள் பின்னேரம் கஞ்சி பருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நான் சொன்னத ஆருக்கும் சொல்லயில்லத்தானே?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"இனிச் சொல்லு" என்றாள்.

காதில் விழாததுபோல் கரண்டியை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையை முற்றத்தில் வைத்துவிட்டு, "நாளைக்குப் போவம்" என்றார். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாடுகளை எடுக்கும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"அந்த ஆள் ஆரு? வீட்டுக்காரரா, மகனா, வேற ஆருமா?"

எனக்குத் தெரியாது.

"எத்தின காலமா நடந்தது? வேற ஆருக்கும் சொன்னவவா?"

தெரியாது என்றேன். "அவ உங்களோடதானே இருந்தா அம்மா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "ஒரு வருசத்துக்குக் கிட்ட இருந்தா."