அத்தைக்கு வாய்த்த களிமண்

என் அத்தை நாற்பது வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை, மனைவியை இழந்த கொத்தனார். "இந்த வயசுல எதுக்கு?" என்று முணுமுணுத்தவர்களிடம், "அவரு வீட்டுக்குப் பின்னாடி காலி எடம் இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். அதுவரை மாடி வீட்டில், தையல் மிஷினை ஒட்டிய ஜன்னலில், டப்பாக்களில் செடி வளர்த்தவர்.

வாய்த்ததோ கெட்டிக் களிமண். மழை பெய்தால் தண்ணீர் குளமாக நிற்கும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். தக்காளி வேரழுகிச் சாய்ந்தது. கேரட் கீழே இறங்க வழியில்லாமல் கோணிக்கொண்டு வந்தது. அதைக் கையில் எடுத்த மாமா, "உங்கண்ணன் மூக்கு மாதிரியே இருக்கு" என்றார். அந்த அண்ணன் என் அப்பா. விடுமுறைக்குப் போயிருந்த நான் சிரித்து உருண்டேன்.

மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் மணல். கட்டட வேலையில் மிஞ்சியதைக் கொண்டுவந்து பாத்தியில் கலந்தார். காய்ந்ததும் பாத்தி செங்கல்லாக இறுகிப்போனது.

"தோட்டம் கேட்டா தளம் போட்டுக் குடுத்துட்டீங்களே" என்றார் அத்தை.

மாமா சிரிக்கவில்லை. "மொத சம்சாரமும் வெச்சு வெச்சுப் பாத்தா. ஒண்ணும் வரல. உனக்காவது வரட்டுமேன்னுதான் கொட்டினேன்."

அத்தை மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "களிமண்ணுல சத்துக்குக் கொறச்சல் இல்லீங்க. மூச்சு விடத்தான் எடமில்ல" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் உதிர்ந்த சருகெல்லாம் அத்தை வீட்டுக்குத்தான். சருகு, சாணம், காய்கறித் தோல் எல்லாம் மட்கி மண்ணோடு சேர்ந்தன. பாத்தியையும் மேடாக்கினார்கள். இரண்டு மழைக்காலம் போனபின் மண்புழு வந்தது. பிடித்தால் உருண்டை, தொட்டால் பொலபொல. அந்த வருடத் தக்காளியைத் தெருவே தின்றது.

பிறகு சிமென்ட் தூசி மாமாவின் நெஞ்சைப் பிடிக்க, கடலோரம் குடிபோனார்கள். அங்கே வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் ஓட்டைப் பானையில் ஊற்றியதுபோல் ஓடிவிடும், போட்ட எருவையும் இழுத்துக்கொண்டு. அதற்கும் மருந்து மட்கிய சருகுதான். தண்ணீரைக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் ஊற்றும் வேலையை மாமா தனதாக்கிக்கொண்டார். மூச்சு வாங்கினாலும் பூவாளியை யாருக்கும் தரமாட்டார்.

அவர் போனபின் அத்தையை எங்களோடு வந்துவிடச் சொன்னோம். "செடிக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்று மறுத்துவிட்டார். போன மாதம் போயிருந்தேன். முழங்கால் வலியோடு முக்காலியில் உட்கார்ந்து, அடுத்த பாத்திக்கு அவரைக்காய் விதை போட்டுக்கொண்டிருந்தார்.